மொழி போன பிறகும் நின்ற மூன்று மேசைகள்

கேள்வி இது: உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் பக்கம் நான்கைந்து தலைமுறையாக வாழும் கொரியர்களில் பெரும்பாலோருக்குக் கொரிய மொழி வராது என்கிறார்கள். அப்படியானால் எதை வைத்துத் தங்களைக் கொரியர் என்கிறார்கள்? தலைமுறை தாண்டும்போது எது போனது, எது நின்றது? இப்போது தென்கொரியாவுக்குப் போய்ச் சேர்கிறவர்கள் கதி என்ன?

மொழி போனது உண்மைதான். அதோடு கூடவே போயிருக்க வேண்டியவை பல போகவில்லை. எவை போகவில்லை என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். குறித்த நாளில் செய்தே ஆக வேண்டியவை, செய்யாவிட்டால் அடுத்த காரியம் நடக்காமல் தடைபடுபவை, கையால் செய்து பழகியவை: இவை நின்றன. விருப்பப்பட்டால் செய்யலாம் என்று இருந்தவை எல்லாம் ஒரே தலைமுறையில் உதிர்ந்தன. பெருமை, பாரம்பரியம் போன்ற சொற்களால் இந்தச் சமூகத்தை விளக்க முயல்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

முதலில் இவர்கள் யார் என்பது. தங்களைக் ‘கொர்யோ சாராம்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். சாராம் என்றால் மனிதர்; கொர்யோ என்பது 918 முதல் 1392 வரை இருந்த அரசின் பெயர். ‘கொரியா’ என்று உலகம் சொல்வதும் அதிலிருந்து வந்ததே. தெற்கே ‘ஹான்குக்’ என்றும் வடக்கே ‘ஜொசொன்’ என்றும் நாட்டை அழைப்பதால், எந்தப் பக்கமும் சாயாத பெயராக இது அவர்களுக்கு வசதியாக நின்றுவிட்டது. சாகலின் தீவில் ஜப்பானியர் காலத்தில் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த கொரியர்களை இவர்களோடு சேர்க்கக் கூடாது. அவர்கள் வேறு வரலாறு, வேறு பேச்சு. பெரும்பாலும் கொரியாவின் தென்பகுதிக்காரர்கள்.

கொர்யோ சாராமின் முன்னோர் 1860களில், பஞ்சத்துக்குப் பயந்து, கொரியாவின் வடகிழக்கு மூலையான ஹாம்க்யொங் மாகாணத்திலிருந்து ஆற்றைக் கடந்து ரஷ்யத் தூரகிழக்குக்குப் போனவர்கள். விளாடிவோஸ்டோக்கைச் சுற்றி அவர்களுக்குக் கொரியப் பள்ளிகள், செய்தித்தாள், நாடகக்குழு, ஆசிரியர் பயிற்சி நிறுவனம் எல்லாம் இருந்தன. 1937 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் பிரதமர் மொலோதோவும் ஸ்டாலினும் கையெழுத்திட்ட தீர்மானம் ஒன்று, ஜப்பானிய உளவு ஊடுருவலைத் தடுப்பதாகச் சொல்லி, எல்லைப்புறக் கொரியர் அனைவரையும் அப்புறப்படுத்தச் சொன்னது. அக்டோபர் 25க்குள் 124 ரயில்களில் 36,442 குடும்பங்கள், 1,71,781 பேர் ஏற்றப்பட்டார்கள். 95,256 பேர் கஜகஸ்தானுக்கும் 76,525 பேர் உஸ்பெகிஸ்தானுக்கும் போனார்கள். சரக்குப் பெட்டியில் ஒரு மாதப் பயணம். கஜகஸ்தானின் உஷ்தொபே நிலையத்தருகே இறக்கிவிடப்பட்டவர்கள் பாஸ்தொபே என்ற குன்றின் ஓரத்தில் குழி தோண்டி, மேலே நாணல் போட்டு, முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தக் குழிகளின் தடம் இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே கல்லறைகளும் இருக்கின்றன.

மொழி போன கதை இங்கே தொடங்குகிறது. 1938இல் கொரிய வழிக் கல்வி நிறுத்தப்பட்டு, பள்ளிகள் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன. செய்தித்தாள் ‘லெனின் கிச்சி’ என்ற பெயரில் கஜகஸ்தானின் கிஸிலோர்தா நகரிலிருந்து அதே ஆண்டு வரத் தொடங்கியது (1991இல் ‘கொர்யோ இல்போ’ ஆனது). விளாடிவோஸ்டோக்கில் 1932இல் பிறந்த கொரிய நாடக அரங்கும் கிஸிலோர்தாவில் தொடர்ந்தது. ஜப்பானியப் படையை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஹொங் பொம்தோ தன் கடைசிக் காலத்தில் அந்த அரங்கில்தான் காவலாளியாக இருந்தார். 1943இல் அந்த ஊரிலேயே இறந்தார். செய்தித்தாளும் மேடையும் இருந்தும், எழுதப் படிக்கச் சொல்லித்தரப் பள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சமூகம் சாட்சி. சோவியத் மக்கள்தொகைக் கணக்கில் கொரியத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 1959இல் நூற்றுக்கு 79 பேர். 1989இல் 49 பேர். பதிந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டி பேசினால் புரியும், பதில் ரஷ்யத்தில்தான் வரும் என்ற நிலையில் இருந்தவர்களும் அந்த 49இல் அடக்கம்.

அந்தப் பேச்சுக்குக் ‘கொர்யோ மார்’ என்று பெயர். ஹாம்க்யொங் வட்டாரப் பேச்சுதான் அதன் அடி. தென்கொரியத் தலைநகர் சோலின் தரமொழி உருவாவதற்கு முன்பே பிரிந்து போனது, நடுவில் ரஷ்யச் சொற்களை வாங்கிக்கொண்டது. தீக்குச்சிக்கு அவர்கள் சொல்லும் ‘பிஜிக்கே’ ரஷ்ய மொழியின் ‘ஸ்பீச்கி’யிலிருந்து வந்தது. சோறு சோலில் ‘பப்’. இவர்கள் வாயில் ‘பாபி’. நூடுல்ஸ் அங்கே ‘குக்சு’, இங்கே ‘குக்சி’. உறவுச்சொற்கள் மட்டும் ரஷ்ய வாக்கியத்துக்குள்ளும் கடைசிவரை பிழைத்தன. பாட்டி ‘அமே’. அப்பாவின் அண்ணன் ‘மதாபாய்’, அதாவது நம் பெரியப்பா. ரஷ்யத்தில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ஒரே ‘ஜ்யாஜ்யா’தான். விருந்தில் யார் முதலில் உட்கார வேண்டும், யாருக்கு முதலில் ஊற்ற வேண்டும் என்பது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது. அதனால் ரஷ்யம் மட்டுமே தெரிந்த பையனும் பெரியப்பாவை மதாபாய் என்றுதான் கூப்பிடுகிறான். தேவை இருந்த இடத்தில் சொல் நின்றது.

வெளியிலிருந்து ஒரு முட்டு இருந்ததையும் சொல்ல வேண்டும். சோவியத் கடவுச்சீட்டில் ‘தேசிய இனம்’ என்று ஒரு வரி உண்டு. 16 வயதில் சீட்டு வாங்கும்போது பெற்றோரின் இனம் அதில் எழுதப்படும். கலப்பு மணத்துப் பிள்ளை மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு சொல் கொரியம் தெரியாதவனும் ஆவணப்படி கொரியன்தான். அடையாளத்தை மொழியிலிருந்து பிரித்து வைக்க இந்த வரி உதவியது. ஆட்களை இனவாரியாகக் கணக்கெடுக்கும் அதே பழக்கம்தான் 1937இல் ரயிலேற்றவும் உதவியது என்பதை மறக்கக் கூடாது.

இனி, நின்றவை. இவற்றில் தலையானது ‘மூன்று மேசை’ என்ற கணக்கு. ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் மூன்று மேசை போடப்பட வேண்டும். முதலாவது ‘அஸ்யாந்தி’, முதல் பிறந்தநாள். இரண்டாவது கல்யாணம். மூன்றாவது ‘ஹ்வாங்காப்’, அறுபது நிறைவு. முதல் இரண்டும் பெற்றோர் பிள்ளைக்குச் செய்யும் கடன். மூன்றாவது பிள்ளைகள் திருப்பிச் செய்யும் கடன். முதல் மேசை போடப்படாதவருக்கு மூன்றாவது மேசை போடக் கூடாது என்பது விதி. இந்த ஒரு விதியின் பலம் பெரிது. ஒரு வயதுக் குழந்தைக்கு விழா எடுக்காமல் விட்டால் 59 வருடம் கழித்து அந்த ஆளின் அறுபது நிறைவு மேசையே இல்லாமல் போகும். கடவுள் நம்பிக்கையே இல்லாத கட்சி உறுப்பினர்கூட இதில் விளையாடவில்லை.

அஸ்யாந்தியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காலையில், உச்சிப்பொழுதுக்கு முன் நடக்க வேண்டும். குழந்தைக்குப் புது உடை. தாழ்வான மேசை ஒன்றில் ‘சார்தெகி’ மூன்று கிண்ணம். சார்தெகி என்பது ஒட்டும் அரிசியை ஆவியில் வேகவைத்து, உரலில் மரச்சுத்தியலால் இடித்து, மணி மணியாகத் தெரியாமல் இழுத்தால் நீளும் பதத்துக்குக் கொண்டுவந்து, வெட்டிப் பொடியில் புரட்டுவது. சாதாரண அரிசியில் எவ்வளவு இடித்தாலும் இந்தப் பதம் வராது. பிசுபிசுப்புத் தரும் மாவுச்சத்து அதில் குறைவு. சார்தெகியோடு பச்சரிசி, பயறு, புத்தகம், பென்சில், கத்தரிக்கோல், நூல், பணம் வைப்பார்கள். குழந்தையை மேசை முன் விடுவார்கள். முதலில் எடுக்கும் மூன்று பொருள்தான் கணக்கு. நூல் எடுத்தால் ஆயுள், புத்தகமோ பென்சிலோ எடுத்தால் படிப்பு, கத்தரிக்கோல் கைத்திறன், அரிசி குறைவற்ற சாப்பாடு. நான்காவதாக எதை எடுத்தாலும் அதைச் சொல்வதில்லை.

எங்கே கெடுகிறது என்றால், உறவினர்கள் தங்களுக்குப் பிடித்த பொருளைக் குழந்தையின் கைக்கருகே தள்ளிவிடுவதில். பணம் பளபளப்பாக, அடுக்காக வைத்தால் எந்தக் குழந்தையும் அதைத்தான் பிடிக்கும். அதனால் தெரிந்த பெரியவர் ஒருவர் பொருள்களை ஒரே தூரத்தில், வளைவாக அடுக்குவார். இன்னொரு சிக்கல் நகரத்தில் வந்தது. விருந்தாளிகள் மாலையில்தான் வர முடியும். விதியோ காலை என்கிறது. தாஷ்கந்திலும் அல்மாத்தியிலும் பலர் கண்ட வழி, மேசையைக் காலையில் வீட்டில் முடித்துவிட்டு, மாலையில் உணவகத்தில் விருந்து வைப்பது. நேர விதியை விட்டுக்கொடுக்காமல் கூட்டத்தை மட்டும் மாற்றினார்கள். இப்படி மாற்றத் தெரிந்த வீடுகளில் சடங்கு நீடித்தது.

கல்யாண மேசையில் கண்ணில் படுவது முழுதாக வேகவைத்த சேவல். அலகில் சிவப்பு மிளகாய், உடம்பில் வண்ண நூல். அதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சாப்பாட்டுச் சாமான்களோடு போகும் ‘சென்சி’ நடக்கும். அதற்கும் முந்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் ‘போய்’ என்ன?

போய் என்றால் குலத்தின் ஊர். கிம் என்ற குடும்பப்பெயர் லட்சக்கணக்கானவருக்கு உண்டு. ஆனால் கிம்ஹே ஊர்க் கிம் வேறு, க்யொங்ஜு ஊர்க் கிம் வேறு. பெயரும் ஊரும் ஒன்றானால் பெண் கொடுப்பதில்லை. நம்மிடம் ஒரே கோத்திரம், ஒரே கூட்டம் என்றால் பங்காளி ஆகிவிடுவது போல. தென்கொரியாவில் இந்தத் தடை சட்டமாகவே இருந்து, 1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, 2005இல் நீக்கப்பட்டது. மத்திய ஆசியாவில் சட்டம் எதுவும் இல்லாமலே, அந்த ஊரை ஒருமுறையும் பார்க்காத ஆட்கள் அதைக் காப்பாற்றி வந்தார்கள். போய் இன்னோர் இடத்திலும் வேண்டும். இறந்தவரின் சவப்பெட்டி மேல் விரிக்கும் சிவப்புத் துணியில் குல ஊரும் குடும்பப்பெயரும் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த முதியவரைத் தேடிப் போவார்கள். அவர் முதலில் கேட்பது போயைத்தான். வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் அந்த நேரத்தில் திண்டாட்டம். தாத்தாவின் அண்ணன் தம்பி வீடுகளுக்குத் தொலைபேசி செய்து விசாரிப்பார்கள். இதில் பெண்வழிப் போய்தான் முதலில் மறக்கப்படுகிறது. பாட்டி உயிரோடு இருக்கும்போதே இரண்டு பக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று இந்தச் சமூகத்து வரலாறு எழுதுகிறவர்கள் வற்புறுத்துவது காரணமில்லாமல் இல்லை.

குடும்பப்பெயர்களே ஒரு தனிப் பாடம். ரஷ்ய அதிகாரி பெயர் கேட்டபோது, உயிரெழுத்தில் முடியும் குடும்பப்பெயர்க்காரர்கள் ‘யு-கா’ என்று, ‘யு குடும்பத்தான்’ எனும் பொருளில், பேச்சுவழக்கின் ‘இ’ சேர்த்துச் சொன்னார்கள். அது அப்படியே பதிவானது. அதனால் யு ‘யுகாய்’ ஆனது, ஓ ‘ஒகாய்’, ஹொ ‘ஹெகாய்’. தென்கொரியாவில் இப்படி ஒரு குடும்பப்பெயரே கிடையாது. சோய் ரஷ்ய எழுத்தில் ‘த்ஸோய்’ ஆனது. பாடகர் விக்தர் த்ஸோயின் குடும்பப்பெயர் அதுதான், தந்தை வழியில் அவர் கொர்யோ சாராம். லீ சிலருக்கு ‘லி’, சிலருக்கு ‘நி’. சொந்தப்பெயர் ரஷ்யம், தந்தைவழிப் பெயரும் ரஷ்ய முறை, குடும்பப்பெயர் மட்டும் கொரியம்: மூன்றாம் தலைமுறையின் பொது அமைப்பு இது. கல்யாணமானாலும் பெண்கள் தங்கள் குடும்பப்பெயரையே வைத்துக்கொள்வது பரவலாக நின்றது. ரஷ்ய வழக்கம் அதற்கு நேர் எதிர்.

கல்லறை நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘ஹான்சிக்’, ஏப்ரல் 5. கொரியாவில் இந்த நாள் மங்கிவிட்டது. இவர்களிடம் அதுதான் ஆண்டின் மிக முக்கியமான நாள். களை பிடுங்கி, கம்பிவேலிக்கு வண்ணம் பூசி, சாப்பாடு பரப்பி, வோட்கா ஊற்றி, மண்டியிட்டு வணங்கி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நகரத்துக்குப் போய்ச் சிதறிய அண்ணன் தம்பிகள் வருடத்தில் ஒன்றுகூடும் இடமும் அதுவே.

அடுத்தது அடுப்படி. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சமூகத்தின் தலைமுறை மாற்றம் முழுவதும் ஒரு கிண்ணம் கேரட்டில் தெரியும். கொரியர்கள் கிம்ச்சி என்ற காரமான ஊறுகாய்க்குப் பயன்படுத்தும் நீள முட்டைக்கோசும் வெள்ளை முள்ளங்கியும் மத்திய ஆசியாவில் எளிதாகக் கிடைக்கவில்லை. கேரட் கிடைத்தது, புலாவுக்காக உஸ்பெக்குகள் மூட்டை மூட்டையாக விளைவித்தார்கள். காய்களை மெல்லிய கீற்றாக அரிந்து தாளிக்கும் ‘சே’ என்ற கொரிய முறையைக் கேரட்டின் மேல் போட்டார்கள். ரஷ்ய மொழியில் கேரட் ‘மர்கோவ்’. இரண்டும் சேர்ந்து ‘மர்கோவ்சா’. தனியாவும் பருத்திவிதை எண்ணெயும் உஸ்பெக் சந்தையின் கொடை. சோல் சமையலில் தனியா வாடையே அபூர்வம். ஆக, முறை கொரியம், காய் உள்ளூர், மணம் உஸ்பெக், பெயரில் பாதி ரஷ்யம். சோவியத் நாடு முழுக்க ‘கொரியக் கேரட்’ என்று இதைச் சந்தையில் வாங்கித் தின்றது. கொரியாவிலோ அப்படி ஒரு பண்டம் இருந்ததே இல்லை.

செய்முறை இது. கேரட் ஒரு கிலோ. 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில், விரல் நீளத்துக்கு மேல் நீளமான கீற்றாக அரிய வேண்டும். சாதாரணத் துருவலில் தேய்த்தால் செல்கள் நசுங்கி நீர் விட்டுக் கூழாகிவிடும். இதற்கென்று தனித் துருவல் பலகை விற்பது அதனால்தான். ஒரு மேசைக்கரண்டி உப்பு தூவிப் பிசிறி, அரைமணி நேரம் விட்டு, வரும் நீரை லேசாகப் பிழிந்து கொட்டுங்கள். முறுக்கிப் பிழிந்தால் நார்நாராகிவிடும். சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, 9 சதவீத வினிகர் இரண்டு மேசைக்கரண்டி. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம், அதில் நான்கு, நாலரை வேண்டும். வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த தனியா இரண்டு தேக்கரண்டி. நைசாக அரைத்தால் சாறு கலங்கி மண் போலத் தெரியும். எல்லாவற்றையும் கலந்து, நடுவில் ஒரு குழி பண்ணி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டியை அதில் குவியுங்கள். 100 மில்லி எண்ணெயில் ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டுச் சிவக்க வறுத்து, வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். மணம் எண்ணெயில் தங்கினால் போதும். எண்ணெய் புகையும் சூட்டில் இருந்தால் மிளகாய் கருகிக் கசக்கும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, குவியலின் மேல் ஊற்றினால் ‘ஸ்ஸ்’ என்று பொரிந்து நிறம் இறங்கும். நசுக்கிய பூண்டு ஐந்தாறு பல்லைச் சூடு தணிந்த பிறகு சேர்ப்பது நல்லது, இல்லாவிட்டால் அதன் காரம் செத்துவிடும். வினிகர் பட்டுப் பூண்டு சில சமயம் நீலப்பச்சையாக மாறும். கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம், அது தீங்கற்றது. மூடி, குளிர்பெட்டியில் ஒரு இரவு. உடனே தின்றால் எண்ணெயும் புளிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

இந்தப் பட்டியலில் எங்கும் கொரிய மொழி தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டியின் பக்கத்தில் நின்று கையைப் பார்த்தால் போதும். பாட்டியின் பக்கத்தில் நிற்க நேரமும் இருந்தது. அதற்குத் தொழிலே காரணம். பலருக்குக் கூட்டுப்பண்ணை வாழ்க்கை. தாஷ்கந்த் அருகே ‘பொல்யார்னயா ஸ்வெஸ்தா’ பண்ணையின் தலைவர் கிம் பென் ஹ்வா இருமுறை சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் பெற்றவர். அதற்குப் பக்கத்தில் ‘கொபோன்ஜி’ என்ற குத்தகைப் பயிர் முறை வளர்ந்தது. வசந்தத்தில் குழுவாகப் புறப்பட்டு, உக்ரைன், வடகாகசஸ், கஜகஸ்தான் என்று தூரப் பிரதேசங்களில் நிலம் பிடித்து, வெங்காயமும் தர்பூசணியும் போட்டு, இலையுதிர் காலத்தில் பணத்தோடு திரும்புவார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பல வீடுகளில் அமேயிடம் விடப்பட்டார்கள். நடுத்தலைமுறை ஊரில் இல்லாததால் முதல் தலைமுறையின் கைப்பழக்கம் மூன்றாம் தலைமுறைக்கு நேராக இறங்கியது. பட்டணத்தில் பொறியாளர், மருத்துவர் ஆனவர்கள் வீட்டில் இந்தச் சங்கிலி அறுந்தது. கலப்பு மணமும் அங்கேதான் கூடியது. அந்தப் பிள்ளைகளைக் கொர்யோ சாராம் ‘அர்குப்யா’ என்பார்கள். சொல்லும் தொனியைப் பொறுத்து அது வலிக்கும் சொல். ஆனாலும் அஸ்யாந்தி மேசையும் மர்கோவ்சாவும் அந்த வீடுகளிலும் காணாமல் போகவில்லை.

இப்போது திரும்பிப் போகிறவர்கள். 1991க்குப் பிறகு சோலிலிருந்து ஆசிரியர்களும் பாடநூல்களும் வந்தன. இளைஞர்கள் கற்றது சோல் தரமொழி. வீட்டுக்கு வந்து பேசினால் அமேயின் பேச்சு தப்பு என்று தோன்றும். அமேக்கோ பேரன் வேற்றுமொழி பேசுவது போல இருக்கும். கற்பிக்கிறவர்கள் செய்த பெரிய பிழை, கொர்யோ மாரைத் திருத்த வேண்டிய பிழையாக நடத்தியதுதான் என்பது என் கருத்து. அதை ஒரு வட்டார வழக்காக ஏற்று, அதன் மேல் தரமொழியைக் கட்டியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

தென்கொரியா 1999இல் வெளிநாட்டுக் கொரியர் சட்டம் கொண்டுவந்தபோது, 1948இல் அரசு அமைவதற்கு முன் வெளியேறியவர்களை விட்டுவிட்டது. அதாவது கொர்யோ சாராம் மொத்தமும் வெளியே. 2001இல் அரசியல் சாசன நீதிமன்றம் அது தவறென்றது. 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. 2007 முதல் வேலை விசா கிடைத்தது. ஆனாலும் மூன்றாம் தலைமுறையோடு கோடு போட்டிருந்தார்கள். 1860களில் புறப்பட்ட குடும்பத்தில் இன்றைய இளைஞன் நான்காவதோ ஐந்தாவதோ தலைமுறை. பெற்றோரோடு குழந்தையாக வந்தவன், அங்கேயே பள்ளி முடித்து, வயது வந்ததும் வெளிநாட்டானாகி வெளியேற வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் விதி மாறி, நேர்வழி வாரிசு எத்தனையாவது தலைமுறை ஆனாலும் செல்லும் என்றாயிற்று.

விண்ணப்பத்தில் இடறுவது எங்கே என்றால், பெயரின் எழுத்துக்கூட்டலில். வம்சத்தைப் பிறப்புச் சான்றிதழ்களின் சங்கிலியால் நிரூபிக்க வேண்டும்: தாத்தா, தந்தை, தான். சோவியத் சான்றிதழில் பெற்றோரின் இனம் எழுதியிருக்கும். ‘கொரியர்’ என்ற அந்தச் சொல்தான் இன்று சாவி. ஆனால் தாத்தாவின் ‘த்ஸோய்’ ஒரு நாட்டுக் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், அடுத்த நாட்டில் வேறு விதமாகவும் ரோமன் எழுத்துக்கு மாறியிருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று காட்டத் தனி ஆவணம் வேண்டும். அதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் மூல ரஷ்யப் பிரதியை முதலில் எடுத்து, எழுத்துக்கூட்டலை ஒப்பிட்டு, பிறகுதான் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்த்த பிறகு வித்தியாசம் தெரிந்தால் எல்லாச் செலவும் இரட்டிப்பு.

போய் இறங்கும் இடங்கள் தெரிந்தவை. ஆன்சானில் தெத்கோல், குவாங்ஜுவில் வொல்கோக்-தோங், இஞ்சியோனில் ஹாம்பாக். கடைப் பலகைகள் ரஷ்ய எழுத்தில். தந்தூர் ரொட்டி, கூடவே பிளாஸ்டிக் டப்பாவில் மர்கோவ்சா. கொரியர்கள் அதைக் ‘கேரட் கிம்ச்சி’ என்று வாங்குகிறார்கள். 2022இல் உக்ரைனில் போர் வந்தபோது, அங்கிருந்த கொர்யோ சாராம் வந்து சேர விமானச் செலவைத் திரட்டியது குவாங்ஜுவின் இந்தக் குடியிருப்புதான். ஆனால் தெருவில் இவர்கள் ரஷ்யம் பேசும் அந்நியர்கள். தாஷ்கந்தில் முகத்தால் கொரியர், ஆன்சானில் வாயால் வெளியாள். பத்து வயதில் வந்த பிள்ளை ஓரிரு ஆண்டில் பெற்றோரை மொழியில் தாண்டிவிடும். மருத்துவமனை, வங்கி, வீட்டு வாடகை எல்லாவற்றுக்கும் அதுவே மொழிபெயர்ப்பாளர். வீட்டுப் பெரியவர் யார் என்பதே அப்போது குழம்பிவிடுகிறது. ஆசிரியரோடு பேசத் தன் பிள்ளையையே நம்பியிருக்கும் தந்தை, அந்தப் பிள்ளையின் மதிப்பெண் பற்றிய செய்தியையும் அதன் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும். பள்ளியில் தனியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பது சலுகை என்று நினைக்கக் கூடாது. குடும்பத்தின் வரிசையைக் காப்பாற்ற அது வேண்டும்.

வினோதம் என்னவென்றால், சடங்குக் கணக்கில் வந்தவர்கள்தான் பழையவர்கள். தென்கொரியாவிலும் முதல் பிறந்தநாள் மேசை உண்டு. ஆனால் அங்கே விழாக்கூடத்தில், வாடகைக்கு வரும் பொருள்களோடு, மைக், கோல்ஃப் பந்து, மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் என்று வைக்கிறார்கள். ஹ்வாங்காப் அங்கே ஏறக்குறைய மறைந்தே விட்டது. அறுபது இன்று வேலை செய்யும் வயது. எழுபதைக் கொண்டாடுவோம் என்பார்கள். அதனால் ஆன்சான் தொழிற்சாலையில் இருக்கும் ஒருவர், தாஷ்கந்தில் அப்பாவின் அறுபதுக்குப் போக ஒரு வாரம் விடுப்புக் கேட்டால், மேற்பார்வையாளருக்கு அவசரம் புரிவதில்லை. பிறந்தநாள்தானே, தொலைபேசியில் வாழ்த்துங்கள் என்பார். கேட்கிறவருக்கோ அது 59 வருடத்துக்கு முன் தன் தாத்தாவும் பாட்டியும் காலை வேளையில் ஒரு தாழ்ந்த மேசையில் மூன்று கிண்ணம் சார்தெகி வைத்துத் தொடங்கியதை முடித்து வைக்கும் நாள்.